“கணவர் என்ன செய்தவர்?”: முன்னாள் போராளிகளின் மனைவிமாரும் வேலைத் தேடலும்

கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பப்படிவம் ஒன்றை அண்மையில் ஓர் அக்காவுக்காக நிரப்பிக் கொடுத்தேன். பெயர், முகவரி, கிராம அலுவலர் பிரிவு வரை மளமளவென்று போனது. அடுத்த வரி ‘கணவரின் பெயரும் தொழிலும்’. பேனையைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன்.

“இல்லை எண்டு எழுத ஏலாது. இருக்கிறார் எண்டும் எழுத ஏலாது. நீங்களே ஒண்டைப் போடுங்கோ தங்கச்சி.”

அவருடைய கணவர் 2009 மே 18 அன்று வட்டுவாகல் பக்கம் இராணுவத்திடம் சரணடைந்தவர். மனைவியின் கண்முன்னே பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. பெயரை எழுதினேன். தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். அதற்கும் கீழே ‘முன் தொழில் அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேறு நாடுகளில் ‘படைவீரரின் மனைவிமாரின் வேலைவாய்ப்பு’ என்பது தனியான ஓர் ஆய்வுத்துறை. ஐக்கிய அமெரிக்காவில் 2021 இல் பாதுகாப்புத் திணைக்களம் நடத்திய கணக்கெடுப்பில், படைவீரர்களின் வாழ்க்கைத்துணைகளிடையே வேலையின்மை 21 வீதமாக இருந்தது. அங்கே பிரச்சினை இடமாற்றம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணவருக்கு இடம் மாறும். ஒரு மாநிலத்தில் தாதியாகவோ ஆசிரியையாகவோ பெற்ற உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லாது. பல வருட முறைப்பாடுகளுக்குப் பிறகு, அந்த உரிமங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்ல வழிசெய்யும் சட்டம் 2023 ஜனவரியில் வந்தது. அவர்களுடைய கஷ்டமும் கஷ்டம்தான். ஆனால் முறையிட ஓர் அலுவலகம் இருக்கிறது, எண்ணிக் கணக்கெடுக்க ஒரு திணைக்களம் இருக்கிறது, ஏனென்றால் கணவர் பணியாற்றும் படை இன்னும் இருக்கிறது.

தோற்றுப்போன, சட்டத்தால் தடைசெய்யப்பட்ட ஒரு படையில் இருந்தவரின் மனைவிக்கு அப்படி ஒரு தலைப்பு எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அரச கணக்கில் அவர் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற பெரிய கூடைக்குள் விழுகிறார். அந்தக் கூடையின் அளவைப் பற்றி முதலில் வெளிவந்த பெரிய எண்ணிக்கை 2010 இல் அப்போதைய பிரதியமைச்சர் ஹிஸ்புல்லா சொன்னது: வடக்கிலும் கிழக்கிலும் 89 ஆயிரம் விதவைகள். கிழக்கில் 49 ஆயிரம், வடக்கில் 40 ஆயிரம். அவர்களில் 12 ஆயிரம் பேர் நாற்பது வயதுக்குக் குறைந்தவர்கள் என்றும் அவர் கூறினார். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் தங்களை அந்தக் கணக்கில் சேர்க்க விடமாட்டார்கள். கணவர் சிறையில் இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். கணவர் புனர்வாழ்வு முடிந்து ஒரு காலுடனோ முள்ளந்தண்டில் சன்னத்துடனோ வீட்டுக்கு வந்திருந்தால், காகிதத்தில் அந்தக் குடும்பத்தின் தலைவர் அவரே. உழைப்பது யார் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

சுயவிபரக்கோவையில் ஒரு வெற்றிடம்

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். அந்த அக்கா ஒன்பது வருடங்கள் தமிழீழ வைப்பகத்தில் வேலை செய்தவர். 1994 இல் தொடங்கப்பட்ட அந்த வைப்பகத்தில் காசாளராக இருந்து, பிறகு கணக்குப் பகுதிக்குப் போனவர். பேரேடு எழுதுவது, நாளிறுதிக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் சமப்படுத்துவது, கடன் கோப்பு பார்ப்பது எல்லாம் தெரியும். அவர் விண்ணப்பிப்பது தேநீர் கொடுத்துக் கோப்புத் தூக்கும் வேலைக்கு. கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

வன்னியில் இந்த ‘இல்லை’ பரவலானது. 1990களிலிருந்து 2008 வரை அங்கே ஒரு நிருவாகம் இயங்கியது. நீதிமன்று, காவல்துறை, வைப்பகம், மருத்துவப் பிரிவு, சிறுவர் இல்லங்கள், பண்ணைகள், உணவகங்கள் என்று அதற்குப் பல கிளைகள். போராளிகளைத் திருமணம் செய்த பெண்கள் பலர், தாங்களும் போராளிகளாக இருந்து பிறகு விலகியவர்கள் பலர், அவற்றில் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். அந்த வேலைகளில் உண்மையான தொழில்திறன் இருந்தது. களமருத்துவத்தில் பத்து வருடம் இருந்த ஒரு பெண் எத்தனை காயங்களைத் தைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இன்று தனியார் மருந்தகம் ஒன்றில் மருந்துப்பெட்டி அடுக்கும் வேலைக்கும் அவர் அந்த அனுபவத்தைச் சொல்ல முடியாது. சான்றிதழ் கிடையாது. இருந்தாலும் காட்ட முடியாது. இடப்பெயர்வின்போது அவற்றை எரித்தவர்கள், புதைத்தவர்கள், முள்ளிவாய்க்காலில் பையோடு விட்டவர்கள்தான் பெரும்பாலானோர்.

சொல்லிவிட்டால் என்ன என்று என் வயதுக்குரிய துணிச்சலுடன் ஒருவரிடம் கேட்டேன். சொல்லித்தான் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகவும், மூன்றாம் மாதம் புலனாய்வாளர்கள் முதலாளியிடம் வந்து இருதடவை விசாரித்ததாகவும், நான்காம் மாதம் முதலாளி மிகவும் மரியாதையாக, “பிள்ளை, நீர் கொஞ்ச நாள் வீட்டில இரும்” என்று அனுப்பிவைத்ததாகவும் சொன்னார். அந்த முதலாளியை நான் கெட்டவர் என்று எழுத மாட்டேன். அவருக்கும் கடை நடக்க வேண்டும். ஆனால் யுத்தம் முடிந்து புனர்வாழ்வு பெற்று வெளியில் வந்தவர்கள் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர். அவர்கள் எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. விசாரணை என்று வீட்டு வாசலில் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிள் அந்த வீட்டுப் பெண்ணின் வேலைக்கும் முடிவு கட்டிவிடுகிறது.

இன்னொரு தலைமுறையும் இருக்கிறது. 2006 இறுதியிலிருந்து வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாய ஆட்சேர்ப்பு இறுகியபோது, கலியாணமானால் கொண்டுபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பதினாறு, பதினேழு வயதில் பெண்பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். பிறகு அந்தக் கணவர்மாரையே பிடித்துக்கொண்டு போனார்கள். இந்தப் பெண்கள் என் வயதுக்காரர்கள். நான் சாதாரண தரப் பரீட்சைக்கும் பிறகு உயர்தரத்துக்கும் படித்து, பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கையில் உட்கார்ந்திருந்த வருடங்களில் அவர்கள் பதுங்குகுழிக்குள் பிரசவம் பார்த்தார்கள். பலருக்குச் சாதாரண தரம் இல்லை. திருமணம் சட்டப்படி பதியப்படாததால் சிலருக்கு விவாகச் சான்றிதழும் இல்லை. அரச வேலைக்கான அறிவித்தல் வரும்போது ஒன்றில் கல்வித்தகைமை தடுக்கிறது, இல்லாவிட்டால் வயதெல்லை தடுக்கிறது. முப்பத்தைந்து வயதில் சாதாரண தரம் எழுதச் சொல்லி ஆலோசனை கூறும் தொண்டு நிறுவனங்களும் உண்டு. எழுதிச் சித்தியடைந்த இருவரை எனக்குத் தெரியும். இருவரும் பாராட்டப்பட்டார்கள். வேலை கிடைக்கவில்லை.

விடியற்காலை பஸ்

யுத்தத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த முறைசார் வேலைகளில் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது ஆடைத் தொழிற்சாலை. வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் முல்லைத்தீவிலும் தொழிற்சாலைகள் வந்தன. விடிய முன்னர் ஏ9 வீதியிலிருந்து உட்கிராமங்களுக்குள் கம்பனி பஸ்கள் போய் பெண்களை ஏற்றிக்கொள்ளும். சம்பளம் மாதம் தவறாமல் வங்கிக் கணக்குக்கு வரும். ஊழியர் சேமலாப நிதி உண்டு. கணவர் என்ன செய்தவர் என்று அங்கே கேட்பதும் குறைவு. இது சிறிய விடயம் இல்லை. கூலிவேலையில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைய என்று இருக்கும் ஊர்களில், கையில் சம்பளச் சிட்டை வைத்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

ஆனால் அந்த வேலையின் கணக்கு, பின்னால் வேறு சுமை இல்லாத பெண்ணை மனதில் வைத்துப் போடப்பட்ட கணக்கு. அடிப்படைச் சம்பளம் குறைவு. அதை உயர்த்திக் காட்டுபவை மேலதிக நேரக் கொடுப்பனவும் உற்பத்தி இலக்குக் கொடுப்பனவும் வருகைக் கொடுப்பனவும். மாதத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் வருகைக் கொடுப்பனவு குறையும் அல்லது போய்விடும். இப்போது போராளியின் மனைவியின் மாதத்தை எடுங்கள். கணவர் அநுராதபுரத்திலோ கொழும்பு மகசின் சிறையிலோ இருந்தால், மாதத்தில் ஒரு பார்வை நாள். வழக்குத் தவணை வேறு. அதற்கு முதல்நாள் இரவு பஸ் ஏற வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் ஆணைக்குழு, அலுவலகம், சத்தியக்கடதாசி, மீண்டும் அதே சாட்சியம். 2009க்குப் பிறகு எத்தனை ஆணைக்குழுக்கள் வந்தன என்று இந்தப் பெண்களைக் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் சம்பளம் போயிருக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர்போராட்டம் தொடங்கியபோது, பந்தலில் பெரும்பாலும் தாய்மாரே இருந்தார்கள். மனைவிமார் ஏன் குறைவு என்று வெளியிலிருந்து வந்த ஒரு செய்தியாளர் என்னிடம் கேட்டார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். காலை பத்து மணி. அவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

சீருடையும் சம்பளமும்

இந்தக் கட்டுரையில் எழுதத் தயங்கிய பகுதி இது. யுத்தம் முடிந்து சில வருடங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வடக்கில் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கியது. ஊர்காவல் படையிலிருந்து உருவாகி 2006 இல் தனித் திணைக்களமாக்கப்பட்ட, பாதுகாப்பு அமைச்சின் கீழ்வரும் நிறுவனம் அது. விசுவமடுவிலும் சுற்றுவட்டாரங்களிலும் அதன் பண்ணைகளில் முன்னாள் போராளிகளும் போராளிகளின் மனைவிமாரும் விதவைகளும் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். முன்பள்ளி ஆசிரியைகளையும் அது தன் சம்பளப் பட்டியலில் எடுத்தது. மாகாணத்தின் கீழ் சில ஆயிரம் ரூபா கொடுப்பனவு பெற்ற அதே முன்பள்ளி ஆசிரியை, இங்கே பல மடங்கு சம்பளமும் நிரந்தர வேலையின் சாயலும் பெற்றார்.

2018 யூனில் விசுவமடுவில் கட்டளை அதிகாரியாக இருந்த கேணல் ரத்னபிரிய பந்து இடமாற்றம் பெற்றுப் போனபோது, முன்னாள் போராளிகள் அவரைத் தோளில் சுமந்ததும் பெண்கள் அழுததும் படங்களாக வந்தன. தென்பகுதி ஊடகங்கள் அதை நல்லிணக்கம் என்றன. எங்கள் பக்கத்தில் பலர் அவமானம் என்றார்கள். அந்தப் பெண்களின் வீடுகளுக்குப் பிறகு நான் போனேன். ஒரு வீட்டில் கணவரின் மாவீரர் படம் சாமித்தட்டுக்கு மேலே இருந்தது. கீழே கொடியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களச் சீருடை காய்ந்தது. இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் படம் எடுக்கலாம் என்று கமராவைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். “எடுத்தால் எனக்கு ரெண்டு பக்கத்தாலயும் பிரச்சினை” என்று சிரித்தார்.

என் நிலைப்பாட்டை ஒளிக்க வேண்டியதில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு ‘அ’ எழுதப் பழக்கும் வேலை பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கக் கூடாது. பொதுமக்களின் காணிகளில் படைத்தரப்பு பண்ணை நடத்தி, அந்த ஊர்ப் பெண்ணையே அங்கு கூலிக்கு வைப்பது வாழ்வாதாரத் திட்டம் ஆகாது. நினைவேந்தலுக்குப் போனால் வேலைக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பெண் இருதடவை யோசிக்க வேண்டியிருப்பதும் அந்தச் சம்பளத்தின் விலைக்குள் அடக்கம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த வேலையை எடுத்த பெண்ணைக் கேள்வி கேட்கும் உரிமை எனக்கோ, புலம்பெயர் தேசத்திலிருந்து முகநூலில் எழுதுபவருக்கோ இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் அரசியல்வாதிகளும் எங்கள் முதலாளிமாரும் அதற்கு ஈடான ஒரு வேலையை அவருக்கு முன்னால் வைக்கவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

கணவர் திரும்பி வந்த வீடுகளைப் பற்றி எழுதுவது குறைவு. வந்துவிட்டார்தானே என்ற எண்ணம். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன ஒருவரை, படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவிலும்தான். சிறுநீர்க்குழாய் பார்க்க வேண்டும். புண் வந்துவிட்டால் மருந்து கட்ட வேண்டும், காய்ச்சல் அடித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டும். புதுக்குடியிருப்புப் பக்கம் நான் தெரிந்த ஒரு குடும்பத்தில் மனைவிக்கு இப்போது நாற்பது வயது. பதினைந்து வருடமாக அவர் தொடர்ந்து மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்ட இரவுகளை எண்ணிவிடலாம். இப்படியான ஒருவர் காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறி மாலை ஆறு மணிக்குத் திரும்பும் வேலைக்குப் போவது எப்படி?

ஆகவே வீட்டிலிருந்து செய்யும் வேலை. அவர் அதிகாலையில் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறார். ஒரு மாடு வைத்திருக்கிறார், பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மாவின் விலை 2022 இல் ஏறியபோது இடியப்பம் இரண்டு மாதம் நின்றது. இடையில் உதவித் திட்டங்களும் வந்தன. அவருடைய வீட்டுக்கு வந்தவை: ஒரு தையல் இயந்திரம், பத்துக் கோழி, பிறகு வேறொரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு தையல் இயந்திரம். அவருக்குத் தைக்கத் தெரியாது. தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இயந்திரம் கிடைத்திருந்தது, அதற்கு அடுத்த வீட்டுக்கும் கிடைத்திருந்தது. ஒரே ஒழுங்கையில் நான்கு தையல்காரிகள் இருந்தால் யாருடைய சட்டையை யார் தைப்பது? கோழிகள் நோயில் செத்தன. பயனாளியின் படம் மட்டும் யாரோ ஒருவருடைய ஆண்டறிக்கையில் இருக்கும்.

அவரிடம் உண்மையில் என்ன தேவை என்று கேட்டேன். “பகலில நாலு மணித்தியாலம் இவரைப் பார்க்க ஓராள்” என்றார். அதற்குச் சம்பளம் கொடுக்கும் திட்டம் எதுவும் அவருடைய வாசலுக்கு வரவில்லை.

காகிதங்கள்

வேலை கிடைக்காதபோது சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்பார்கள். தொழிலுக்கு முதல் வேண்டும், முதலுக்கு ஈடு வேண்டும், ஈட்டுக்குக் காணி வேண்டும். இங்கே தேசவழமை வந்து நிற்கிறது. வடக்குத் தமிழ்ப் பெண்ணுக்குச் சீதனமாகவோ வேறு வழியிலோ சொந்தமாக வந்த காணியையும், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட கணவரிடம் யார் கையெழுத்து வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதம் இல்லாமலே கைமாற்ற அனுமதி பெறலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. ஆனால் சட்டத்தரணிக்குக் காசு வேண்டும், தவணைகளுக்கு நாள் வேண்டும். வன்னியில் பெருமளவு காணி அனுமதிப்பத்திரக் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசுரிமைப் பட்டியல் மகனை மகளுக்கு முன்னால் வைத்திருந்தது. 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. அனுமதிப்பத்திரம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால், அதில் இருபது வருடம் கச்சான் விதைத்த பெண்ணுக்கும் வங்கியில் காட்ட ஒன்றும் இல்லை.

இறப்புச் சான்றிதழ் எடுத்தால் பல வேலைகள் இலகுவாகும். அதை எடுக்க மாட்டோம் என்று நிற்பவர்களின் காரணத்தை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ என்ற ஒன்று கொண்டுவரப்பட்டது. இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே சமூக நலன் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், கணவரின் சொத்தைத் தற்காலிகமாக நிருவகிக்கவும், பிள்ளைகளின் பொறுப்பை உறுதிசெய்யவும் அதைப் பயன்படுத்தலாம். இதை எடுப்பதால் நீதிகோரும் உரிமை போய்விடும் என்று ஒரு பயம் ஊர்களில் பரவியிருக்கிறது. சான்றிதழை வைத்திருப்பது வழக்கையோ விசாரணையையோ மூடுவதில்லை. ஆனாலும் அதை எடுக்காத பெண்ணிடம் எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. 2022 மார்ச்சில் ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவை மாத்திரம் ஓர் இலட்சம் ரூபா என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது, பல தாய்மார் அதை மறுத்தார்கள். மனைவிமாரில் சிலர் வாங்கினார்கள். வாங்கியவர்களும் வெளியில் சொல்லவில்லை.

வங்கி மறுக்கும் இடத்துக்கு நுண்நிதிக் கம்பனி வீடு தேடி வந்தது. ஈடு வேண்டாம், ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். கிழமைக்கு ஒரு நாள் வசூல். கணவர் இல்லாத வீடு என்று தெரிந்தால் வசூலுக்கு வருபவர் பொழுதுபட்ட பிறகும் வாசலில் இருப்பார். 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் ஆண்டுவட்டி 220 வீதம் வரை போனதையும், வசூலிப்பவர்கள் பாலியல் இலஞ்சம் கேட்பதையும் பகிரங்கமாகச் சொன்னார். அதற்குச் சற்று முன்னர் அரசு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனைக் கட்ட முடியாமல் நின்ற பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாகவும், வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதிப்பதாகவும் அறிவித்தது. தள்ளுபடி கிடைத்தவர்கள் உண்டு. ஒரு கம்பனியின் கடனை அடைக்க இன்னொன்றில் எடுத்து, இரண்டையும் அடைக்க நகையை வைத்து, கடைசியில் மத்திய கிழக்குக்குப் புறப்பட்டவர்களும் உண்டு.

அந்த வழியிலும் ஒரு படிவம் காத்திருந்தது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக விரும்பும் தாய்க்கு 2013 இலிருந்து ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. டொலர் தட்டுப்பாடு வந்த 2022 இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் இந்த இரண்டு வருடமும் பிள்ளையின் நலனுக்காகத்தான் என்று எங்களை நம்பச் சொல்கிறார்கள்.

மறுபக்கத்து மனைவிமார்

யுத்தத்தில் இறந்த இராணுவச் சிப்பாயின் மனைவிக்கு, கணவர் உயிரோடிருந்தால் 55 வயதாகும் நாள்வரை அவருடைய சம்பளம் கிடைக்கும். பிறகு ஓய்வூதியம். 1999 இன் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. ஒரே நாட்டில் ஒரே யுத்தத்தில் கணவரை இழந்த இரண்டு பெண்களுக்கிடையில் இந்த இடைவெளி இருப்பதை எழுதாமல் விட முடியாது. அதேவேளை, தப்பியோடிய சிப்பாயின் மனைவிக்கு அந்தச் சம்பளம் கிடையாது. பொலன்னறுவை, அநுராதபுரம் பக்கத்துச் சிப்பாய்களின் மனைவிமாரும் கட்டுநாயக்கவுக்கும் குவைத்துக்கும் போய்த்தான் வீட்டுக் கடனை அடைத்தார்கள். படைத்தரப்பிலும் 5 ஆயிரத்துக்கும் அதிகமானோர் காணாமல் போயிருக்கிறார்கள். 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சமரில் தன் மகனைத் தொலைத்த விசாகா தர்மதாச, அந்தக் குடும்பங்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, வன்னிக்கே வந்து புலிகளிடம் நேரில் கேட்டவர். காணாமற்போனமைக்கான சான்றிதழ் அவர்களுக்கும் உரியதுதான். வேலை, சான்றிதழ், ஓய்வூதியம் என்ற இந்த மூன்று விடயத்தில் இரு தரப்புப் பெண்களும் ஒரு மேசையில் இருந்து பேசினால் என்ன நடக்கும் என்று எனக்கு ஓர் ஆவல். அப்படி ஒரு மேசைக்கு நான் இன்னும் அழைக்கப்படவில்லை.

விண்ணப்பம் நிரப்பிய அக்காவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போட்ட கோட்டைக் காட்டி, கணவர் என்ன செய்தவர் என்று கேட்டார்களாம். கமம் என்று சொன்னாராம். எந்த ஊரில் எத்தனை ஏக்கர் என்று கேட்டபோது இவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. இப்போது அறிவியல்நகருக்கு வேலைக்குப் போகிறார். தையல் பகுதிக்கு வயது கூடிவிட்டது என்று துப்புரவுப் பகுதியில் எடுத்திருக்கிறார்கள். தாய் கொடுத்த காணித்துண்டை மகளின் படிப்புக்காக விற்பதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார். கடந்த கிழமை தவணைக்கு நானும் கூடப் போனேன். காலை எட்டரையிலிருந்து காத்திருந்தோம். பதினொன்றரைக்கு அடுத்த மாதத்துக்குத் திகதி போட்டார்கள். வெளியில் வந்ததும் அவர் கைத்தொலைபேசியில் கலண்டரைத் திறந்து பார்த்தார். செவ்வாய்க்கிழமை, வேலை நாள்.

“இந்த மாதக் கொடுப்பனவு இண்டையோட போச்சு” என்றார். “வாற மாதத்தினதும் போகப் போகுது.”

பகுதி நேரத்துக்கேனும் உள்ளே விடுவார்களா என்று கேட்டுப் பார்க்க, ஒரு மணி பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போனார்.